மேட்டூர் நீர்மட்டமும் 1.5 என்ற சாய்வும்: நீண்ட நினைவை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு மேட்டூர் அணையின் நீர்மட்டம் காலைப் பேப்பரில் தேடிப் பார்க்கிற எண். ஜூன் 12 நெருங்க நெருங்க டீக்கடையிலும் அதே பேச்சுதான். அதனாலோ என்னவோ, என்னிடம் புராஜெக்ட் செய்ய வரும் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்களில் யாராவது ஒருவர் அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறார். பத்து வருடத் தினசரி நீர்மட்டத்தை உட்கார்ந்து தட்டச்சு செய்வார். நீண்ட நினைவை அளக்கும் டிஎஃப்ஏ (Detrended Fluctuation Analysis) நிரலில் கொடுப்பார். சாய்வு 1.5 வரும். "சார், ரொம்ப வலுவான நீண்ட நினைவு இருக்கு சார்" என்று ஓடி வருவார்.

கணக்கில் பிழை இருக்காது. ஆனால் அந்த 1.5 அவர் நினைப்பதைச் சொல்லவில்லை. ஏன் என்று பார்ப்பதற்கு முன், இந்த முறை என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தொடரில் இன்றைய மதிப்புக்கும் நூறு நாள் கழித்து வரும் மதிப்புக்கும் ஒட்டுறவு இருக்கிறதா, இருந்தால் அது எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதுதான் கேள்வி. சீக்கிரம் தேய்ந்தால் குறுகிய நினைவு. அடுக்கு விதிப்படி இழுத்துக்கொண்டே போனால் நீண்ட நினைவு. டிஎஃப்ஏ என்பது போக்கை நீக்கிவிட்டு ஏற்ற இறக்கத்தை அளக்கும் முறை. டிஎன்ஏ வரிசைகளை ஆராய 1994-இல் வந்தது. முதலில் ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் சராசரியைக் கழித்து, வரிசையாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தக் கூட்டுத்தொடரைச் சம அளவு ஜன்னல்களாக வெட்டி, ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு நேர்கோட்டைப் பொருத்திக் கழித்து, மிச்சம் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்க வேண்டும். ஜன்னல் பெரிதாகப் பெரிதாக அந்த ஆட்டம் எப்படி வளர்கிறது என்பதை மடக்கை வரைபடத்தில் போட்டால் வரும் சாய்வுதான் நமக்கு வேண்டிய எண். நினைவே இல்லாத தொடருக்கு 0.5. நீண்ட நினைவு உள்ள நிலையான தொடருக்கு 0.5-க்கும் 1-க்கும் இடையே.

இப்போது மேட்டூருக்கு வருவோம். நீர்மட்டம் என்பது என்ன? நேற்று இருந்த தண்ணீர், அதோடு வந்த தண்ணீர், அதிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் கழித்தல். அதாவது வரத்தையும் திறப்பையும் அணையே ஒவ்வொரு நாளும் கூட்டிக் கழித்து வைத்திருக்கிறது. நிரலின் முதல் படியை அணை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. நாம் அதைக் கொண்டுபோய் இன்னொரு முறை கூட்டுகிறோம். நாணயத்தைச் சுண்டிச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று கூட்டி, பூ விழுந்தால் ஒன்று கழித்து ஒரு தொடர் செய்து பாருங்கள். அதற்கும் சாய்வு 1.5-தான் வரும். நாணயத்துக்கு நினைவு ஏது? சாய்வு 1-ஐத் தாண்டினாலே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது ஏற்கெனவே கூட்டப்பட்ட தொடரா?" என்பதுதான்.

இந்தத் துறை ஓர் அணைக் கணக்கிலிருந்துதான் பிறந்தது என்பதால் இந்தத் தவறு என்னைக் கூடுதலாக உறுத்துகிறது. ஹரோல்ட் எட்வின் ஹர்ஸ்ட் எகிப்தில் பல பத்தாண்டுகள் நைல் நதியோடு வாழ்ந்தவர். வறட்சி வருடங்களைத் தாங்க ஓர் அணை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. 1951-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், நினைவில்லாத வரத்தாக இருந்தால் 0.5 வர வேண்டிய அடுக்கு, இயற்கைத் தொடர்களில் 0.73-ஐ ஒட்டி வந்தது. கவனியுங்கள், அணைக் கணக்குக்கு அவர் எடுத்தது ஆற்றின் வரத்தை. கூட்டிப் பார்த்தது அவர். நம் மாணவர் எடுத்தது கூட்டிய பிறகு இருக்கும் மட்டத்தை.

சரி, அப்படியானால் நீர்வரத்தை எடுத்தால் போதுமா? பேப்பரில் விநாடிக்கு இத்தனை கனஅடி என்று அதுவும்தான் வருகிறது. எடுக்கலாம், ஆனால் அது மழை பேசும் எண் மட்டும் இல்லை. மேலே கபினியும் கிருஷ்ணராஜசாகரும் இருக்கின்றன. அங்கே மதகைத் திறந்தால் இங்கே வரத்து ஏறும், மூடினால் இறங்கும். மனிதர்கள் எடுத்த முடிவுகளின் நினைவும் அந்த எண்ணில் கலந்திருக்கிறது. அது குறை இல்லை. அதைச் சொல்லாமல் "காவிரியின் இயல்பு" என்று தலைப்பு வைப்பதுதான் குறை.

பருவத்தைக் கழிக்காமல் விடுவது அடுத்த பெரிய தவறு. தென்மேற்குப் பருவமழையில் வரத்து பொங்கும், கோடையில் வற்றும். இந்த ஆண்டுச் சுழற்சியை அப்படியே விட்டால், வரைபடத்தில் ஜன்னல் அளவு ஓர் ஆண்டை நெருங்கும் இடத்தில் ஒரு மேடு விழும். மேட்டுக்கு முன்னால் சாய்வு செங்குத்தாக ஏறும், தாண்டியதும் படுத்துவிடும். அந்த ஏற்றத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் எவ்வளவு பெரிய எண் வேண்டுமானாலும் கிடைக்கும். எல்லா ஆண்டுகளின் ஜூலை 15-க்கும் ஒரு சராசரி, ஜூலை 16-க்கு ஒரு சராசரி என்று நாள்வாரியாகக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். சராசரியைக் கழித்தால் மட்டும் போதாது. வெள்ளக் காலத்தில் ஆட்டமும் பெரிது, கோடையில் சிறிது. ஆகவே அந்தந்த நாளின் திட்ட விலக்கத்தாலும் வகுத்துவிட வேண்டும்.

ஏற்காட்டு மழைப் பதிவேடு

இந்தப் பாடத்தை எனக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்தது ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் மழைப் பதிவேடுதான். சேர்வராயன் மலையில் காப்பி வந்து ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகிறது. மழை பார்த்துத்தான் அங்கே எல்லா வேலையும். காப்பிச் செடி பூக்கும் நேரத்தில் ஒரு மழை தவறினால் அந்த வருட மகசூலே தவறும். அதனால் மழையைக் கவனமாக எழுதி வைக்கிற வழக்கம் உண்டு. ஒரு மாணவி அந்த எஸ்டேட்டில் கேட்டு வாங்கி, பல வருடப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வந்து, வீட்டில் உட்கார்ந்து எண்களை ஏற்றினார். சாய்வு எடுத்தால் ஜன்னல் பெரிதாகும்போது 0.9-ஐத் தாண்டிப் போகிறது. தினசரி மழைக்கு அது நம்ப முடியாத எண். உலகின் பல இடங்களில் எடுத்த நீண்ட தினசரி மழைத் தொடர்களில் சாய்வு 0.5-ஐ ஒட்டித்தான் வருகிறது. ஆற்று நீரோட்டத்துக்குத்தான் 0.7 வாக்கில் வரும். மண்ணும் நிலத்தடி நீரும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுவதால் அந்த வித்தியாசம் என்று சொல்லலாம்.

எண்களை வரிசையாக வரைந்து பார்த்தோம். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். தொடரின் முற்பாதி தரையோடு ஒட்டிக் கிடக்கிறது, பிற்பாதி காடு மாதிரி நிற்கிறது. பழைய பக்கங்களில் மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும் எழுதியிருந்தார்கள். நூறு சென்ட் ஓர் அங்குலம். நடுவில் ஒரு வருடத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறிவிட்டார்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஒரே மழைக்கு இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். அந்த ஒரே ஒரு படிதான் முழு "நினைவையும்" உண்டாக்கியது. நேர்கோட்டுக்குப் பதில் வளைகோடு பொருத்தினாலும் இப்படிப்பட்ட திடீர்ப் படி போகாது. படி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கையால்தான் திருத்த வேண்டும்.

அலகு மாறுவது மட்டும் இல்லை. மழைமானியை மரத்தடிக்கு நகர்த்தினாலும், வெப்பமானியை மாற்றினாலும், பக்கத்தில் கட்டடம் வந்தாலும் சராசரி நகரும். சராசரி மெல்ல நகர்ந்தாலும் நீண்ட நினைவு போலவே தெரியும். இது புதிய எச்சரிக்கை இல்லை. 1974-இல் கிளெமெஷ் இதைச் சுட்டிக்காட்டினார். 1983-இல் ரபி பட்டாச்சார்யா, விஜய் குப்தா, எட்வர்ட் வேமைர் மூவரும், குறுகிய நினைவுள்ள தொடரில் மெல்லத் தேயும் ஒரு போக்கைச் சேர்த்தாலே ஹர்ஸ்ட் கண்ட விளைவு வந்துவிடும் என்று கணிதமாகவே நிறுவினார்கள். இருந்தும் பதிவேட்டின் ஓரக் குறிப்புகளைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறோம்.

அதே பதிவேட்டில் வெற்றுக் கட்டங்களும் இருந்தன. மழை இல்லாத நாளா, அளப்பவர் லீவு போட்ட நாளா? பொங்கல் சமயத்து வெற்றுக் கட்டத்துக்கு இரண்டும் பொருந்தும். மழை அளவு காலை 8.30-க்கு எடுப்பது, ஒரு நாள் விட்டால் இரண்டு நாள் மழை மறுநாள் கணக்கில் சேர்ந்துவிடும். இப்படிப்பட்ட இடங்களைச் சராசரியால் நிரப்புவதும், இரு முனைகளை நேர்கோட்டால் இணைப்பதும் இல்லாத வழவழப்பை உண்டாக்கும். நேர்மறை ஒட்டுறவு உள்ள தொடரில், விடுபட்ட நாள்களை விட்டுவிட்டு மிச்சத்தை ஒட்டுவதே குறைந்த தீங்கு. எதிர்மறை ஒட்டுறவு என்றால் அதுவும் கெடுக்கும்.

கலைத்துப் பார்த்தால் போதும் என்ற நம்பிக்கை

"தொடரைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தேன், சாய்வு 0.5-க்கு வந்துவிட்டது, ஆகவே நீண்ட நினைவு உறுதி" என்று பல அறிக்கைகளில் எழுதுகிறார்கள். இந்தச் சோதனை நல்லதுதான், ஆனால் அது சொல்வது கொஞ்சமே. கலைத்தால் எல்லா ஒழுங்கும் போகும். அங்குலம் மில்லிமீட்டராக மாறிய படியும் போகும், பருவமும் போகும், குறுகிய நினைவும் போகும். எங்கள் கெட்டுப்போன பதிவேடும் இந்தச் சோதனையில் அழகாகத் தேறியது.

உண்மையான போட்டி நினைவில்லாத தொடரோடு இல்லை, குறுகிய நினைவுள்ள தொடரோடுதான். நேற்றைய மதிப்பில் ஒரு பங்கோடு இன்றைய இரைச்சலைக் கூட்டும் எளிய மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஜன்னல்களில் அதன் சாய்வு 0.5-க்கு நன்றாக மேலே இருக்கும். ஜன்னல் பெரிதானால்தான் மெல்ல 0.5-க்கு இறங்கும். உங்கள் தரவு அந்த இறக்கம் தெரிவதற்குள் முடிந்துவிட்டால், இரண்டையும் கண்ணால் பிரிக்கவே முடியாது. பத்து வருடத் தினசரித் தரவு என்றால் 3,650 புள்ளிகள். வழக்கம்போல் கால் பங்கு வரை ஜன்னல் வைத்தால் கடைசி ஜன்னல் சுமார் 900 நாள், அதில் மொத்தமே நான்கு ஜன்னல்கள். நான்கின் சராசரியை நம்பித்தான் கோட்டின் வலது முனை நிற்கிறது. ஆகவே அதே நீளத்துக்குக் குறுகிய நினைவுத் தொடர்கள் ஆயிரம் செய்து, அதே நிரலில் ஓட்டி, உங்கள் எண் அந்தக் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறதா என்று பாருங்கள். பிழை அளவையும் இப்படித்தான் எடுக்க வேண்டும். கோடு பொருத்தும் மென்பொருள் தரும் பிழை மிகச் சிறியதாக வரும். காரணம், வரைபடத்தின் புள்ளிகள் எல்லாம் ஒரே தரவிலிருந்து வந்தவை, ஒன்றையொன்று சாராதவை அல்ல.

வெள்ளைக்கல்லும் கட்டம் போட்ட நோட்டும்

ஃபிராக்டல் பரிமாணத்திலும் இதே கதை. எந்த அளவில் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும் வடிவம்தான் ஃபிராக்டல்; கோட்டுக்கு 1, பரப்புக்கு 2 என்ற பரிமாணம் அதற்கு நடுவே ஒரு பின்னமாக வரலாம். சேலத்தில் மேக்னசைட் சுரங்கப் பக்கம் போனால், கறுத்த பாறையில் வெள்ளைக்கல் நரம்புகள் வலை போல ஓடுவதைப் பார்க்கலாம். பார்த்தவுடனே ஃபிராக்டல் என்று தோன்றும். போனில் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையாக்கி, பெட்டி எண்ணும் முறையில் போட்டால் (படத்தைச் சதுரப் பெட்டிகளாகப் பிரித்து, உருவம் தொடும் பெட்டிகளை எண்ணி, பெட்டி சிறிதாகச் சிறிதாக அந்த எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று மடக்கை வரைபடத்தில் சாய்வு எடுப்பது) 1.4, 1.6 என்று ஏதாவது வரும். உடனே எழுதிவிடாதீர்கள். முதலில் ஒரு கட்டம் போட்ட நோட்டை எண்ணிப் பாருங்கள்.

1024 பிக்சல் சதுரப் படம், 64 பிக்சலுக்கு ஒரு கோடு, கோட்டின் தடிமன் 2 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். இதில் ஃபிராக்டல் எதுவும் இல்லை. 2 பிக்சல் பெட்டிகளில் கோடு தொடுவது 16,128. 4 பிக்சலில் 7,936. பிறகு 3,840, 1,792, 768. 64 பிக்சலில் 256. 256 பிக்சலில் 16. ஒரு பிக்சலிலிருந்து 256 வரை எல்லாப் புள்ளிக்கும் ஒரே கோடு பொருத்தினால் சாய்வு 1.4, கோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று சொல்லும் ஆர்-ஸ்கொயர் 0.98! அறிக்கையில் போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நடந்தது இதுதான். கோட்டுத் தடிமனை விடச் சின்ன பெட்டிக்குக் கோடு ஒரு பரப்பு, சாய்வு 2. தடிமனுக்கும் இடைவெளிக்கும் நடுவே அது வெறும் கோடு, சாய்வு 1. இடைவெளியை விடப் பெரிய பெட்டி எல்லாவற்றிலும் கோடு இருக்கும், மறுபடி 2. மூன்றையும் ஒரே ஸ்கேலால் இழுத்தால் நடுவில் ஏதோ ஒரு பின்னம் விழும். மடக்கை வரைபடம் எதையும் நேராக்கிக் காட்டும், ஆர்-ஸ்கொயரை நம்பாதீர்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையேயான சாய்வைத் தனியாக வரையுங்கள். அது ஓர் அகலமான வீச்சில் சமதளமாக நின்றால்தான் பரிமாணம் என்று சொல்ல உரிமை. 1998-இல் டேவிட் அவ்னிரும் சக ஆய்வாளர்களும் இயற்பியல் ஆய்விதழ்களில் வந்த ஃபிராக்டல் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அளந்த வீச்சு பெரும்பாலும் 1.3 பத்துமடங்கை ஒட்டியே இருந்தது. அதாவது மிகச் சின்ன அளவுக்கும் மிகப் பெரிய அளவுக்கும் இருபது மடங்குதான் வித்தியாசம்.

பல்ஃபிராக்டல் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு ஜன்னலின் ஆட்டத்தையும் பல அடுக்குகளுக்கு உயர்த்திச் சராசரி எடுத்து, பெரிய ஆட்டத்துக்கும் சின்ன ஆட்டத்துக்கும் சாய்வு வேறுபடுகிறதா என்று பார்க்கும் முறை அது. மழைத் தரவுக்கு அந்த முறையை ஓட்டும்போது எதிர்மறை அடுக்குகளில் நிரல் முடிவிலி என்று காட்டும். பிப்ரவரியில் பல நாள் தொடர்ந்து மழையே இல்லை என்றால், சராசரியைக் கழித்துக் கூட்டிய தொடர் அந்த ஜன்னலில் நேர்கோடாகவே இறங்கும். நேர்கோட்டைக் கழித்தால் மிச்சம் சரியாகப் பூஜ்யம். பூஜ்யத்தை எதிர்மறை அடுக்குக்கு உயர்த்த முடியாது. இதைச் சரிசெய்ய யாராவது ஒரு மிகச் சின்ன எண்ணைச் சேர்த்திருப்பார்கள். அப்புறம் அவர்கள் பெருமையாகக் காட்டும் நிறமாலையின் அகலம், அதாவது அந்தச் சாய்வுகள் பரவியிருக்கும் வீச்சு, அந்தச் சின்ன எண்ணை எவ்வளவு வைத்தார்கள் என்பதைத்தான் அளக்கிறது. பத்து மடங்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள், அகலமும் கூடவே மாறும். மழைக்கு நேர்மறை அடுக்குகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த மாணவி இருபது கொண்டை ஊசி வளைவையும் மறுபடி ஏறிப் போய், எந்தப் பக்கத்திலிருந்து மில்லிமீட்டர் என்று பதிவேட்டிலேயே பார்த்துக் குறித்து வந்தார். தலைப்பில் பென்சிலால் "மி.மீ." என்று எழுதியிருந்ததாம். போனில் எடுத்த படத்தில் அந்த ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. திருத்தி ஓட்டியதும் சாய்வு 0.5-க்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. அதை அப்படியே எழுதினார்.