பிரேக் டிஸ்க் மாற்றப் போகிறீர்களா? வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, யாரோ ஒருவர் "டிஸ்க் கோணிடுச்சு, மாத்திடுங்க" என்கிறார், உடனே போனை எடுத்து முதலில் கண்ணில் படும் டிஸ்க்கை ஆர்டர் போட்டுவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் இந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன.

சாதாரணமாக ஓட்டும் காரில், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க் உண்மையிலேயே கோணிப்போவது அரிது. டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டியிருக்கும் நடுப்பகுதி) நடுவில் துரு இருந்தால் டிஸ்க் சமமாக உட்காராது, சுற்றும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் தள்ளாடும், அந்தத் தள்ளாட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைக்கும் கட்டை) உரசி உரசி அங்கே மட்டும் தேயும். இன்னொரு காரணம், கடுமையாகச் சூடான பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாகப் படிந்துவிடுவது. இரண்டிலும் தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது, 0.02 மி.மீ. வித்தியாசமே பெடலில் அதிர்வாகத் தெரியும். ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க்கை மாட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உதறல் திரும்பி வரும், அப்போது பழி டிஸ்க் கம்பெனி மேல் விழும். ஒரு பக்கப் பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பேடுகளை அழுத்தும் பிடியான காலிப்பரில், பேடைத் தள்ளும் பிஸ்டனோ, காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல டிஸ்க் வாங்கினாலும் வீண்.

சரி, மாற்றத்தான் வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அளக்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமனை டிஸ்க்கின் நடுக் கிண்ணத்திலோ விளிம்பிலோ மில்லிமீட்டரில் பொறித்திருப்பார்கள். புதிதாக 22 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 20 என்று போட்டிருப்பார்கள், அதாவது மொத்தமே 2 மி.மீ.தான் தேயலாம். வெர்னியரை (தடிமன் அளக்கும் கருவி) வெளியிலிருந்து அப்படியே வைத்து அளந்தால் தேயாமல் நிற்கும் ஓரத்து விளிம்பில் உட்கார்ந்து அதிகமாகக் காட்டும், அதனால் மைக்ரோமீட்டரை உள்ளே தள்ளி, பேடு உரசும் இடத்தில், நாலைந்து புள்ளிகளில் அளக்கச் சொல்லுங்கள். லேத்தில் கடைந்து சமன்படுத்தலாம் என்றால், கடைந்த பிறகும் அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு மேலே இருக்க வேண்டும்.

அடுத்தது, மாடல் பெயரை மட்டும் வைத்து வாங்குவது. ஒரே கார், ஒரே வருஷம், ஆனால் இன்ஜினுக்கும் வேரியன்ட்டுக்கும் தகுந்தபடி முன் டிஸ்க் ஒன்றில் 256 மி.மீ., இன்னொன்றில் 280 மி.மீ. என்று இருக்கலாம். விட்டம் சரியாக இருந்தாலும் மொத்த உயரம், நடு ஓட்டை, போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, நடுவில் காற்று போக இடைவெளி உள்ள காற்றோட்ட டிஸ்க்கா கெட்டி டிஸ்க்கா என்பதெல்லாம் பொருந்த வேண்டும். சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பாகத்தின் எண்ணை எடுங்கள், பழையதைக் கழற்றி அளந்தும் ஒப்பிடுங்கள். ரெனோ, பீஜோ கார்கள் சிலவற்றில் பின் டிஸ்க்கோடு சேர்ந்தே வீல் பேரிங்கும் ஏபிஎஸ் (பலமாக பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் படிக்கும் காந்த வளையமும் வரும், அந்த வளையம் இல்லாததை வாங்கி மாட்டினால் ஏபிஎஸ் விளக்கு எரியத் தொடங்கிவிடும்.

அப்புறம் ஓட்டை போட்ட டிஸ்க். இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தோற்றத்துக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது இங்கேதான் அதிகம் நடக்கிறது. பழைய காலத்துப் பேடுகள் சூடாகும்போது வாயு வெளியிடும், அது வெளியேற வழி வேண்டும் என்றுதான் ஓட்டை போட்டார்கள், இன்றைய பேடுகளில் அந்தப் பிரச்சினை மிகக் குறைவு. ஓட்டை போடப் போட வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைகிறது, மலிவான டிஸ்க்கில் அந்த ஓட்டைகளைச் சுற்றித்தான் முதலில் விரிசல் விடும். அவசரமாக நிறுத்தும்போது வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் டயரின் பிடிதான் தீர்மானிக்கிறது, ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்கள் பிரேக் ஏற்கெனவே வலுவாக இருந்தால் ஓட்டைகள் அந்தத் தூரத்தைக் குறைக்காது. கோடு வெட்டிய டிஸ்க்குகள் இந்த அளவுக்கு ஆபத்தில்லை, ஆனால் பேடைச் சீக்கிரம் தின்னும், சத்தமும் வரும். தினசரி ஓட்டத்துக்கு வழவழப்பான சாதாரண டிஸ்க்கே போதும், மலைப்பாதைக்கும் அதுதான், நல்ல பேடோடு.

விலையை மட்டும் பார்ப்பதும் தவறுதான். ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்கைக் கையில் தூக்கிப் பாருங்கள், ஒன்று தெளிவாக லேசாக இருந்தால் உள்ளே காற்று போகும் வழியைப் பிரிக்கும் தடுப்புகள் குறைவாகவோ இரும்பு மெல்லியதாகவோ இருக்கும், அதற்கு வெப்பம் தாங்காது. மாற்று டிஸ்க்குகளுக்கு ஈசிஇ ஆர்90 என்ற ஐ.நா. விதிமுறை இருக்கிறது, அதில் தேறியவற்றில் ஒப்புதல் எண் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், தேடிப் பாருங்கள். ஹைபிரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பூச்சு உள்ள டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது, அவற்றில் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க் அதிகம் உரசாமல் துருப்பிடிக்கும். உள்ளே வளைந்த தடுப்புகள் உள்ள வகை என்றால் இடது வலது வேறு வேறு, மாற்றி மாட்டினால் காற்று ஒழுங்காக ஓடாது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், முன்னிரண்டும் சேர்த்து, அல்லது பின்னிரண்டும் சேர்த்து. பழைய பேடைப் புது டிஸ்க்கில் போடவும் வேண்டாம், பழைய டிஸ்க்கின் பள்ளம் மேடு எல்லாம் அதில் பதிந்திருக்கும். பின்னால் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருந்தால் அதைப் பழுதுபார்ப்பதற்கான சர்வீஸ் மோடில் போட்டுத்தான் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், பலவந்தமாகத் தள்ளினால் ஹேண்ட்பிரேக்கின் மோட்டார் போய்விடும்.

மாட்டும்போது புது டிஸ்க்கில் துரு வராமல் தடவியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் முழுக்கத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேடு அதை உறிஞ்சிக்கொள்ளும். வீல் நட்டுகளை ஏர் கன்னால் கண்டபடி முறுக்கிவிட்டால் டிஸ்க் சமமாக உட்காராமல் போகலாம், எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும், காரை நகர்த்துவதற்கு முன்பே, பெடலைப் பல தடவை அழுத்தி இறுக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை நிதானமாக எட்டுப் பத்து முறை வேகம் குறையுங்கள், பேடு கம்பெனி வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் ஓடவிட்டு ஆறவிட வேண்டும், சூடாக இருக்கும்போது முழுசாக நிறுத்தி பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, நின்றால் பேடு அந்த ஒரே இடத்தில் படிந்து மறுபடியும் உதறல் வரும்.