வளைகுடாக் கரையில் கடல்காற்றை நம்பிச் செய்யும் தவறுகள்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கமிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஊரின் நம்பிக்கை ஒன்றையும் கூடவே கொண்டுபோகிறார்கள்: கடலிலிருந்து வரும் காற்று சுத்தமானது. நம் கரையில் அது பெரும்பாலும் சரிதான். பாலைவனக் கரையில் அப்படி நம்பிவிடக் கூடாது.

பகலில் தரை சீக்கிரம் சூடாவதால் கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசுகிறது. இரவில் தரை ஆறியதும் கரைக்காற்று கடலை நோக்கித் திரும்புகிறது. பகலில் கிளம்பிய நுண்தூசியை அது சுமந்துபோய்க் கடலுக்கு மேல் விட்டால், மறுநாள் கடல்காற்று அதையே திருப்பிக் கொண்டுவரும். தவிர, கடல்காற்றின் முன்விளிம்பு உள்ளே நகரும்போது தரைத்தூசியையும் கிளப்பிவிடக்கூடும். அதனால் சாயங்காலம் கேம்ப் ஜன்னலைத் திறக்கும் முன் வானத்தைப் பாருங்கள். பால்போல வெளுத்து, தூரத்துக் கட்டடங்கள் மங்கலாகத் தெரிந்தால் திறக்காதீர்கள்.

காற்று நின்றதுமே முகக்கவசத்தைக் கழற்றுவதும் தவறு. கனமான மணல் உடனே விழுந்துவிடும். 10 மைக்ரோமீட்டருக்கும் சிறிய தூசியோ காற்று நின்ற பிறகும் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு உள்ளே இறங்குவதும் அதுதான். துண்டைக் கட்டினால் மணல் நிற்கும், அது நிற்காது. என்95 முகக்கவசம்தான் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை அறையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

மூட்டம் போட்டிருந்தால் வெக்கை குறைவு என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது உயிருக்கே ஆபத்து. கோடையில் அங்கே கடல்நீரே 30 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அதைத் தடவி வரும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராது, உடம்பு ஆறாது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. மூட்டமான நாளிலும் அந்த ஓய்வை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மீன்பிடிக்கப் போகிறவர்கள் தினசரிக் கடல்காற்றையும் ஷமால் என்னும் புழுதிக்காற்றையும் ஒன்றாக எண்ணக் கூடாது. கடல்காற்று இரவில் அடங்கிவிடும். ஈராக் சமவெளியின் தூசியோடு வடமேற்கிலிருந்து அடிக்கும் ஷமால் நாள்கணக்கில் நீடிக்கும். வளைகுடாவின் சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான். நம்மூர் ஆழ்கடலில் வரும் நீண்ட அலை அங்கே இல்லை. குட்டையாக, செங்குத்தாக, மூச்சுவிட இடமில்லாமல் அடுத்தடுத்து வரும். தூசிக்குள் கரைவிளக்கும் தெரியாது. எச்சரிக்கை வந்த நாளில் அரபி முதலாளி அவசரப்படுத்தினாலும் படகை அவிழ்க்காதீர்கள்.