இளந்தித்திப்பு ஸ்பானிஷ் சிவப்பு ஒயினுக்கு எந்த உணவு சேரும்?

பாட்டிலை வாங்குமுன் லேபிளைப் பாருங்கள். 'தின்தோ' என்றால் சிவப்பு, 'செமிதுல்தே' என்றால் இளந்தித்திப்பு. 'செமிசெக்கோ' இதைவிடத் தித்திப்புக் குறைந்தது, 'துல்தே' முழுத் தித்திப்பு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி செமிதுல்தேயில் லிட்டருக்கு 45 கிராம் சர்க்கரை வரை இருக்கலாம். லிட்டருக்கு 40 கிராம் உள்ள ஒயினில் 125 மில்லி ஊற்றினால் 5 கிராம், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. உணவைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒரு தேக்கரண்டி நினைவில் இருக்கட்டும்.

திராட்சைகளில் கார்நாச்சாவுக்குத் துவர்ப்புக் குறைவு, பழச்சுவை அதிகம். முதல்முறை வாங்குவோருக்கு அதுவே நல்லது.

12 முதல் 14 டிகிரி செல்சியஸில் பரிமாறுங்கள். பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிப்பாதி நிரப்பிய வாளியில் கால் மணி நேரம் வைத்தால் போதும். வெறும் பனிக்கட்டியில் பாட்டிலைச் சுற்றிக் காற்று நிற்பதால் குளிர்ச்சி மெதுவாகத்தான் ஏறும். ஒயின் சூடாக இருந்தால் தித்திப்பு திகட்டும், ஆல்கஹால் மூக்கில் ஏறும். அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலோ துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும்.

இதற்கு முதல் துணை உப்புதான். செம்மறியாட்டுப் பாலில் செய்யும் மான்செகோ சீஸ், மெல்லியதாகச் சீவிய செர்ரானோ ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை), அஸ்தூரியாஸின் நீலப் பூஞ்சைச் சீஸான கப்ராலெஸ், எல்லாமே பொருந்தும். மூன்றில் கப்ராலெஸுக்குத்தான் எங்கள் ஓட்டு. அதன் காரமான உப்பைத் தாங்கச் சர்க்கரை வேண்டும், தித்திப்பில்லாத உலர் ஒயினால் முடியாது. சீஸை அரை மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள்.

மிளகாய்க் காரத்தையும் தித்திப்பு தணிக்கும். ஆனால் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். பத்தாத்தாஸ் பிராவாஸ் (காரச் சாஸ் ஊற்றிய வறுத்த உருளைக்கிழங்கு) மாதிரிக் காரமான தட்டுக்கு ஆல்கஹால் 12 சதவீதத்துக்கு மேல் போகாத பாட்டிலை எடுங்கள்.

இனிப்புப் பலகாரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பலகாரம் ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் புளித்துத் தோன்றும். கேரமல் ஊற்றிய முட்டைப்பால் புட்டிங்கான ஃபிளான் வேண்டாம். 70 சதவீதக் கருப்புச் சாக்லேட் சரியாக வரும். வினிகரில் ஊறிய நெத்திலியும் ஒத்துவராது. மீனெண்ணெயும் துவர்ப்பும் சேர்ந்தால் வாயில் இரும்பு ருசி நிற்கும்.

இந்த ஒயினிலேயே சொரிசோ என்ற ஸ்பானிஷ் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியைச் சமைக்கலாம். அப்படியே சாப்பிடும் கெட்டி வகை வேண்டாம், சமைப்பதற்கான மென்மையான சொரிசோ 250 கிராம் வாங்கி 1 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். எண்ணெய் விடாமல் 3 நிமிடம் வதக்கினால் சிவந்த கொழுப்பு உருகி வரும். அதில் பாதியை வடித்துவிட்டு, 200 மில்லி ஒயினும் ஒரு பிரிஞ்சி இலையும் சேர்த்து, மிதமான தீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். கடைசி இரண்டு நிமிடம் அடுப்பை விட்டு நகரக் கூடாது. நீர் வற்ற வற்றச் சர்க்கரை கெட்டியாகும், கொஞ்சம் அசந்தால் அடிப்பிடித்துக் கசந்துவிடும். கரண்டியின் முதுகில் குழம்பு படிந்து, விரலால் இழுத்த கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். இறக்கியதும் ஒரு தேக்கரண்டி ஷெர்ரி வினிகர் விட்டால் இனிப்பு அடங்கும். உப்பு போடவே வேண்டாம், சொரிசோவில் இருப்பது போதும்.

மீந்த பாட்டிலை மூடிக் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். இந்த அளவுச் சர்க்கரை ஒயினைக் கெடாமல் காக்காது. அதற்கும் மேல் போனால் சம அளவு சாதா சோடாவும் எலுமிச்சைத் துண்டும் சேர்த்து 'தின்தோ தே வெரானோ' என்ற கோடைக்காலப் பானம் கலக்குங்கள். வழக்கமான இனிப்புச் சோடாவைச் சேர்த்தால் பாகு மாதிரி ஆகிவிடும்.