குதிரைக்குப் பின்னால் ஸ்கை: முதல் ஸ்கைஜோரிங் போட்டிக்குத் தயாராவது எப்படி?

ஓடுகிற குதிரை, அதன்மேல் ஒரு ரைடர், சேணத்தில் கட்டிய நீளக் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஸ்கை மாட்டிக்கொண்டு நீங்கள். ஸ்கைஜோரிங் என்றால் இவ்வளவுதான். அமெரிக்காவில், கொலராடோவில் லெட்வில், ரிட்ஜ்வே, சில்வர்டன், மொன்டானாவில் ரெட் லாட்ஜ், ஒயிட்ஃபிஷ் என்று குளிர்காலம் வந்தால் ஊர் ஊராகப் போட்டி நடக்கிறது. யூட்டா, ஐடஹோ, வயோமிங் பக்கமும் இப்போது சூடு பிடித்துவிட்டது. நான் நோவிஸ் (புதியவர்கள்) பிரிவில் ஓடிய படங்களைப் போட்டதிலிருந்து "எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் இந்தப் பதிவு.

ஸ்கை கற்றுக்கொள்வது எப்படி என்று இதில் இருக்காது. பிளாக் டயமண்ட் என்று குறித்திருக்கும் கடினமான சரிவில் பதறாமல் இறங்கவும், சின்ன ஜம்ப்பில் எகிறி இரண்டு காலில் இறங்கவும் தெரிந்திருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் இந்த சீசன் அதற்கு, அடுத்த சீசன் இதற்கு.

யூடியூபில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் வீடியோக்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே குதிரைமேல் ஆளே கிடையாது. உறைந்த ஏரியில், ஸ்கையில் நிற்பவரே நீளக் கடிவாளத்தைப் பிடித்து ரேஸ் குதிரையை ஓட்டுவார், எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். 1928 குளிர்கால ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக நடந்தது இந்த வகைதான். மூன்று இடங்களையும் சுவிஸ்காரர்களே பிடித்தார்கள். அந்த ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த ஒரே விளையாட்டு ஃபிகர் ஸ்கேட்டிங். இன்றைக்கு அதே ஏரியில் பெண்களும் ஆண்களும் ஒரே ரேஸில் ஓடுகிறார்கள். ஆனால் அது ஆரம்பநிலைக்காரர்களுக்கான இடம் இல்லை. நாம் பார்க்கப்போவது அமெரிக்க வகை: ஒரு சமயத்தில் ஒரு அணி மட்டும், நேரம் குறித்து, வழியில் ஜம்ப், கேட் (சுற்றிப் போக வேண்டிய கம்பம்), வளையம்.

பெண்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: சேணத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள். எந்தப் போட்டிக்குப் போனாலும் வேகமான குதிரைகளில் பலவற்றின்மேல் பெண்கள் இருப்பார்கள். காரணம் பேரல் ரேஸிங். மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் அந்த ரோடியோ விளையாட்டில் ஜெயித்து ஊறியவர்கள் அவர்கள். 1948-இல் டெக்சாஸில் பெண்களே தங்களுக்கென்று ரோடியோ சங்கம் அமைத்துக்கொண்டார்கள், அந்தப் பரம்பரை. முழு வேகத்தில் குதிரையைக் கிளப்பவும் நிறுத்தவும் தெரிந்தவர்களுக்குப் பனி ஒரு புதுத் தரை, அவ்வளவுதான். கயிற்றின் இந்தப் பக்கம், ஸ்கை முனையில் பெண்கள் கூடிவருவதுதான் புதுசு.

ஸ்கை முனையிலும் உடல் பலம் பெரிய விஷயம் இல்லை. குதிரையின் எடை சுமார் 500 கிலோ. பின்னால் தொங்குவது 55 கிலோவா 80 கிலோவா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஜெயிப்பதும் தோற்பதும் கயிறு கையாளும் விதத்தில். அது வலுவானவர்களைவிடப் பொறுமையானவர்களுக்கு வேகமாக வரும். இது என் கட்சி. என் வீட்டுக்காரர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

படி 1: சாமான்கள்

ஹெல்மெட் கட்டாயம். முதுகுக் காப்பு இருந்தால் போடுங்கள். ஸ்கை உங்களிடம் இருப்பதே போதும், ஆனால் புதுப்பனிக்கான அகலமான ஸ்கை வேண்டாம். இறுகிய பனியில் அது விளிம்பு பிடிக்காது. விளிம்பைக் கூர் தீட்டிக்கொண்டு போங்கள்.

காகிள்ஸ் இல்லாமல் கயிற்றைத் தொடாதீர்கள். ஓடும் குதிரையின் குளம்பிலிருந்து பனிக்கட்டி உருண்டை உருண்டையாகப் பறந்து வரும், நேராக மூஞ்சிக்கு. வாயையும் மூடிக்கொள்ளுங்கள், ஏன் என்று முதல் ஓட்டத்திலேயே புரியும்.

கையுறையில் நான் பிடிவாதக்காரி. பஞ்சு அடைத்த விலையுயர்ந்த ஸ்கை கையுறை இதற்கு உதவாது. கயிறு உள்ளங்கையில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தோல் வேலைக் கையுறைதான் சரி. கின்கோ பிராண்ட் மாதிரி. பனி ஊறி உள்ளே இறங்காமல் இருக்க மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: முதலில் இயந்திரம், பிறகு குதிரை

ஸ்நோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) அல்லது ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் சின்ன மோட்டார் வண்டி) பின்னால் பழகுங்கள். தனியார் நிலத்தில், அனுமதியோடு மட்டும். பொதுச்சாலை வேண்டவே வேண்டாம். ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும், உங்களைப் பார்க்க மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்துக்குக் குறுக்கே கை என்றால் நிறுத்து. மணிக்கு 25 கிலோமீட்டரில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். போட்டியில் நல்ல குதிரை 60-ஐத் தாண்டும்.

இயந்திரம் ஒரே சீராக இழுக்கும், குதிரை அப்படி இழுக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதனால்தான் அடுத்த படி.

படி 3: கயிற்றுத் தொய்வு

இந்தப் பதிவில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். ஸ்கைஜோரிங்கில் ஆளைக் கவிழ்ப்பது ஜம்ப் இல்லை, வேகம் இல்லை. தொய்வு.

குதிரை நேர்கோட்டில் ஓடுகிறது. கேட்டுகளும் ஜம்ப்புகளும் தடத்தின் இரு பக்கமும் மாறி மாறி இருக்கின்றன. நீங்கள் இடப்பக்கக் கேட்டைச் சுற்றிவிட்டு வலப்பக்கம் வெட்டுகிறீர்கள். அந்த வெட்டில் சில நொடி நீங்கள் குதிரையைவிட வேகமாகப் போவீர்கள், கயிறு தொங்கும். அடுத்த நொடி உங்கள் வேகம் குறையும், குதிரையின் வேகம் குறையாது. தொங்கின கயிறு சுளீரென்று விறைக்கும். கை நீட்டியபடி இருந்தால் அந்த இழுப்பு முழுக்கத் தோளில் இறங்கும். ஒன்று கயிறு போகும், இல்லை நீங்கள் போவீர்கள்.

இதற்கு மூன்று வழி, மூன்றும் பழக வேண்டும்.

முதலாவது, முழங்கையை மடக்கி, கைகளை இடுப்போரம் வைத்திருப்பது. சுண்டி இழுக்கும்போது கை தானாக முன்னால் நீள இடம் கிடைக்கும். அந்த ஓரடி, ஒன்றரை அடிதான் உங்கள் ஷாக் அப்சார்பர். ஜம்ப்புக்கு முன்னாலும் இதே: எகிறுவதற்கு முன் கைகளை வயிற்றோரம் கொண்டுவந்துவிடுங்கள். தரையில் இறங்கும்போது ஸ்கை கொஞ்சம் வேகம் இழக்கும், அப்போதுதான் இழுப்பு வரும்.

இரண்டாவது, வெட்டிவிட்டுக் குதிரையை நோக்கி நேராகப் பாயாமல், வெளிப்பக்க விளிம்பில் அழுத்தம் கொடுத்தபடியே அகலமாகப் போவது. பக்கவாட்டில் விலகி இருக்கும்வரை கயிறு விறைப்பாகவே இருக்கும்.

மூன்றாவது, தொய்வு வந்தேவிட்டால் கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றைச் சேர்த்து எடுப்பது. கிணற்றில் வாளி இழுத்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கை, அதே தாளம், வாளி மட்டும் உங்களைவிட வலுவானது. வீட்டிலேயே பழகலாம். ஒரு தூணில் கயிற்றைக் கட்டி, கையுறை போட்டுக்கொண்டு, தூணை நோக்கி நடந்தபடியே கயிறு தொங்காமல் எடுங்கள். பிறகு ஓடியபடி. பிறகு கண்ணை வேறு எங்கோ வைத்தபடி. இது கைக்குப் பழகிவிட்டால் மீதி எல்லாம் ஸ்கைதான்.

எடுத்த கயிற்றின் வால் எப்போதும் உடம்புக்கு வெளிப்பக்கம் இருக்கட்டும். இரண்டு ஸ்கைக்கு நடுவே விழக்கூடாது. கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. ஒரு சுற்று, அரைச் சுற்றுகூட வேண்டாம். விழுந்தால் அந்த நொடியே விட வேண்டியது கயிற்றைத்தான். சுற்றியிருந்தால் விட முடியாது.

கிளம்பும் நேரத்தில் வருவதுதான் இருப்பதிலேயே பெரிய இழுப்பு. ரைடரிடம் சொல்லி, கயிறு விறைக்கும்வரை குதிரையை நடையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். முட்டி மடங்கி, கால் அகன்று, எடை கொஞ்சம் குதிகால் பக்கம். பிறகுதான் "போ" சொல்ல வேண்டும். எனக்குக் குதிரை ஓட்டிய பெண்மணி முதல் நாளே சொன்னார்: "நீ பின்னாடி என்ன பண்றேன்னு நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். கயிறு தொங்கினா எனக்குச் சேணத்துலயே தெரிஞ்சிடும்."

படி 4: வளையங்கள்

தடத்தின் ஓரம் கம்பத்தில் வளையம் தொங்கும். ஒரு கையில் கயிறு, மறு கையால் வளையம். விரலால் பிடிக்கப் பார்த்தால் நழுவும். கையை உள்ளே விட்டு, வளையம் மணிக்கட்டுக்கு மேல் ஏறும்படி விட்டுவிடுங்கள். தவறிப்போனால் திரும்பிப் பார்க்காதீர்கள். தவறின வளையத்துக்கு சில விநாடி அபராதம், கயிறு போனால் ஓட்டமே போச்சு.

படி 5: குதிரையும் ரைடரும்

சொந்தக் குதிரை வேண்டியதில்லை. பதிவு செய்யும் இடத்திலேயே ஸ்கை ஆள் தேடும் ரைடர்கள் இருப்பார்கள். சில போட்டிகளில் குலுக்கிப் போட்டுச் சேர்த்துவிடுவார்கள். நோவிஸ் என்று வாய் திறந்து சொல்லுங்கள். கன்றை வீசுகயிறு போட்டுப் பிடிக்கப் பழகிய குதிரை கிடைத்தால் அதிர்ஷ்டம், கயிறு பின்காலை உரசினாலும் அது மிரளாது.

குதிரையை முன்னாலிருந்து அல்லது தோள் பக்கமாக அணுகுங்கள், பின்னாலிருந்து ஒருபோதும் வேண்டாம். ஸ்கை இரண்டையும் அதன் கண்ணெதிரே தட்டிச் சத்தம் காட்டுங்கள். லாடத்தைப் பற்றி ரைடரிடம் கேட்பதில் தப்பில்லை. பனிக்கு ஆணி வைத்த லாடமும், குளம்புக்குள் பனி உருண்டையாக இறுகாமல் இருக்க அடியில் ஒரு பட்டையும் போட்டிருக்க வேண்டும். இவை இல்லாமல் ஓட்ட நினைப்பவரோடு ஓடாதீர்கள்.

படி 6: போட்டி நாள்

லெட்விலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1949-இலிருந்து நடக்கிறது, மார்ச் முதல் வார இறுதியில். ஊரின் பிரதான வீதியான ஹாரிசன் அவென்யூவில் பனியைக் கொண்டுவந்து கொட்டித் தடம் போட்டுவிடுவார்கள். இரு பக்கமும் கடைகள், நடுவில் குதிரை. ஊர் கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேல் இருக்கிறது. உடம்பு அந்த உயரத்துக்குப் பழக முந்தின நாளே போய்விடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தடத்தை நடந்து பாருங்கள். ஒவ்வொரு கேட்டிலும் கயிறு எந்தப் பக்கம் இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள், எல்லாரும் அதையேதான் செய்கிறார்கள். விதிகள் ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலான இடங்களில் கயிறு கையிலும், குறைந்தது ஒரு ஸ்கை காலிலும் இருந்தபடி முடிவுக் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு ஓட்டம் சுமார் 20 விநாடி. தாண்டியதும் கயிற்றைப் பக்கவாட்டில் விட்டுவிட்டு, குதிரையிலிருந்து விலகி நில்லுங்கள்.

பெண்கள் பிரிவு தனியாக இருக்கும் போட்டிகளும் உண்டு, இல்லாதவையும் உண்டு. இருந்தால் அதில் பெயர் கொடுங்கள், கூடவே நோவிஸிலும் கொடுங்கள். கட்டணம் கூடும், ஆனால் ஒரே நாளில் இன்னொரு ஓட்டம் கிடைக்கும். அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

சேர்த்தவை (உங்கள் கேள்விகளுக்குப் பிறகு)

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதன்மேலேயே மாட்டும் காகிள்ஸ் வாங்குங்கள். பனி மூட்டம் பிடிக்காமல் இருக்க ஹெல்மெட்டுக்குள் மூக்குவரை மறைக்கும் துணியைத் தவிர்ப்பது நல்லது.

நகை பற்றி ஒரு தோழி கேட்டது நியாயமான கேள்வி. கல்யாண மோதிரம் உட்பட எல்லா மோதிரங்களையும் கழற்றிவிடுங்கள். விறைத்த கயிறு மோதிரத்தில் மாட்டினால் விரலுக்கே ஆபத்து. தாலிக்கொடி உள்ளே, கழுத்தை ஒட்டிய பனியனுக்குள் இருக்கட்டும், அல்லது வீட்டில். மெட்டி ஸ்கை பூட்ஸுக்குள் விரலை அறுத்துவிடும், அதையும் கழற்றத்தான் வேண்டும். நீளப் பின்னல் ஜாக்கெட்டுக்குள்.

ஸ்கை தெரியாது, ஆனால் குதிரை ஓட்டத் தெரியும் என்று எழுதியவருக்கு: உங்களுக்குத்தான் கிராக்கி அதிகம். குதிரைக்கு முதலில் வெறும் கயிற்றை இழுக்கப் பழக்குங்கள், பிறகு லேசான மரத்துண்டு, பிறகு நடையில் ஸ்கை போட்ட ஆள். இரண்டு பக்கமும் கயிறு உரசப் பழக்க மறக்காதீர்கள், பலர் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.