பாட்லக் விருந்துக்கு முட்டைக்கோஸ் சாலட்: நீர் விடாமல் செய்வது எப்படி?

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் பாட்லக் விருந்துக்கு முட்டைக்கோஸ் சாலட் மிகவும் ஏற்றது. அதைச் சூடாக்க வேண்டியதில்லை, ஒரு காயை அரிந்தால் பத்துப் பேருக்குக் குறையாமல் பரிமாறலாம், மென்மையான இலைகளைக் கொண்ட பிற சாலட்டுகள் துவண்டுபோகும் நேரத்திலும் இது விறைப்பாகவே நிற்கும். அப்படியிருந்தும், வெளிறிய நீரில் மிதக்கும் கோல்ஸ்லா, அதாவது முட்டைக்கோஸ் சாலட், விருந்து மேசைகளில் அடிக்கடி தென்படுகிறது. பெரும்பாலும் இதற்குச் செய்முறைக் குறிப்பு காரணமன்று. கலந்தவுடன் ருசி பார்த்துச் சரியென்று மூடி வைத்த சாலட் மூன்று, நான்கு மணி நேரம் கழித்தே தட்டுக்கு வருகிறது என்பதை யாரும் கணக்கில் கொள்வதில்லை.

முட்டைக்கோஸின் எடையில் ஏறத்தாழ 92 சதவீதம் நீர்தான். அரிந்த காயின் மீது உப்போ சர்க்கரையோ பட்டவுடன் அந்த நீர் செல்களிலிருந்து வெளியேறத் தொடங்கி, ஊற்றிய மயோனைஸையும் நீர்க்கச் செய்து, புளிப்பையும் உப்பையும் மங்க வைத்துவிடும். எனவே அந்த நீரை நாமே முன்கூட்டி வெளியேற்றிவிட வேண்டும், அல்லது உண்ணும் நேரம் வரை காயின் அருகில் உப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி எதுவும் நன்றாக அமைவதில்லை.

முன்னதாகவே கலந்து எடுத்துச் செல்ல வேண்டுமானால் உப்பிட்டு வடிப்பதே நல்லது. ஒரு கிலோ அரிந்த கோஸுக்கு 15 கிராம் உப்பு, அதாவது தூள் உப்பானால் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக, சேர்த்துக் கையால் நன்கு பிசறி, வடிதட்டில் போட்டு ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். அடியில் வைத்த பாத்திரத்தில் கணிசமான நீர் சேர்ந்திருக்கும். பிறகு குளிர்ந்த நீரில் அலசி, கைப்பிடி கைப்பிடியாகப் பிழிந்து, சுத்தமான துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். இப்படிச் செய்த கோஸ் வளைந்து கொடுக்கும், ஆனால் மெல்லும்போது நறுக்கென்று இருக்கும். மறுநாள்கூட அதிகம் நீர் விடாது. அலசிய பின்னும் காயில் உப்பு எஞ்சியிருக்கும் என்பதால், டிரஸ்ஸிங்கில் (சாலட்டின் மேல் ஊற்றிக் கலக்கும் சாறில்) முதலில் உப்பே சேர்க்காமல் கலந்து, ருசி பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். பிழிந்த கோஸ் வெகுவாகச் சுருங்கிவிடும் என்பதையும் மறவாமல், பல வகை உணவுகள் இருக்கும் விருந்தில் தலைக்கு 100 கிராம் பச்சைக் கோஸ் என்று கணக்கிட்டு வாங்கினால் போதும்.

கலப்பதை விருந்து நடக்கும் இடத்தில் வைத்துக்கொள்ள முடியுமானால் உப்பே வேண்டாம். அரிந்த கோஸை ஐஸ் நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, நன்றாக உலர்த்தி, மூடிய டப்பாவில் தனியாகவும் டிரஸ்ஸிங்கை மூடி இறுக்கமான பாட்டிலில் தனியாகவும் எடுத்துச் சென்று, பரிமாறுவதற்குச் சற்று முன் கலக்கலாம். இதில் கிடைக்கும் மொறுமொறுப்பு உப்பிட்ட கோஸில் கிடைக்காது. ஆனால் உலர்த்துவதில் சோம்பல் கூடாது. இலைகளில் ஒட்டிய நீரும் டிரஸ்ஸிங்கைக் கெடுக்கவே செய்யும்.

வாங்கும்போது அதன் பருமனுக்குக் கனமாகத் தோன்றும், இலைகள் இறுகிய காயாகப் பார்க்க வேண்டும். வெளியிலைகளைக் களைந்து, காயைக் கழுவி, நான்காகப் பிளந்து, நடுத்தண்டை நீக்கிவிட்டு, நரம்புகளுக்குக் குறுக்காக இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் அரிவது நல்லது. துருவியை நான் பரிந்துரைப்பதில்லை. அது செல்களைக் கிழித்து நசுக்குவதால் நீர் கூடுதலாக வெளியேறும். அதோடு, செல் உடையும்போது கோஸில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நொதியுடன் கலந்து உண்டாக்கும் காரநெடியும் மிகுந்துவிடும். கூரான கத்தி அல்லது சீவுகட்டையே போதும். சீவுகட்டையைப் பயன்படுத்துவோர் விரல்காப்பை ஒதுக்கி வைக்கக் கூடாது.

சிவப்புக் கோஸ் மேசைக்கு அழகு சேர்க்கும், ஆனால் அதன் இலை தடிப்பானது, ஆகவே இன்னும் மெல்லியதாக அரிய வேண்டும். அதன் ஆந்தோசயனின் நிறமி புளிப்புப் பட்டால் பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறும். மயோனைஸுடன் வெகுநேரம் கலந்திருந்தால் சாலட் முழுவதும் ஊதா சாயம் ஏறிவிடும். இரு நிறங்களும் தனித்துத் தெரிய வேண்டுமென்றால், சிவப்பைத் தனியே அலசி உலர்த்திக் கடைசியில் சேர்க்கலாம். நாப்பா கோஸ் எனப்படும் நீளமான சீன முட்டைக்கோஸ் மென்மையானது. உடனே உண்ணும் சாலட்டுக்குச் சிறப்பு, மணிக்கணக்கில் காத்திருக்கும் சாலட்டுக்கு உதவாது.

டிரஸ்ஸிங்கில், பயணத்தை மிக நன்றாகத் தாங்குவது வினிகரே. 120 மில்லி வினிகர், 60 கிராம் சர்க்கரை, 60 மில்லி எண்ணெய், ஒரு தேக்கரண்டி கடுகு ஆகியவற்றைக் கொதிக்கவிட்டு, உப்பிட்டுப் பிழிந்த ஒரு கிலோ கோஸ், ஒரு கேரட், ஒரு குடைமிளகாய், மெல்லியதாக அரிந்த ஒரு வெங்காயம் ஆகியவற்றின் மீது சூடாகவே ஊற்றிக் கிளறி, ஆறியதும் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். முந்தைய நாளே செய்து வைத்தால் ருசி கூடும் என்பது இதன் தனிச்சிறப்பு. சர்க்கரை அதிகமாகத் தோன்றினால் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம், அதற்குமேல் குறைத்தால் புளிப்பு தனித்து உறைக்கும்.

மயோனைஸ் வகைக்கு அதே அளவு கோஸுக்கு முக்கால் கப் மயோனைஸ், இரண்டு மேசைக்கரண்டி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, மிளகுத்தூள் போதுமானவை. பாதி மயோனைஸுக்குப் பதிலாகத் துணியில் கட்டி நீர் வடித்த தயிரைச் சேர்த்தால் கனம் குறையும். நிலக்கடலை விழுது, எள்ளெண்ணெய், இஞ்சி, எலுமிச்சைச் சாறு சேர்ந்த டிரஸ்ஸிங்கும் கோஸுக்கு மிகப் பொருந்தும். வறுத்த கடலை, எள், சூரியகாந்தி விதை ஆகியவற்றைத் தனிப் பொட்டலமாகக் கொண்டுசென்று மேலே தூவ வேண்டும். முன்கூட்டிச் சேர்த்தால் அவை நமுத்துவிடும். ஆப்பிளை எலுமிச்சைச் சாற்றில் புரட்டிச் சேர்க்கலாம். அன்னாசியை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் இவ்வளவு பாடுபட்டு நீக்கிய நீரை அது திரும்பக் கொண்டுவந்துவிடும்.

விருந்து உணவு கெட்டால் பழி மயோனைஸ் மீதே விழுகிறது. கடையில் கிடைக்கும் மயோனைஸ் புளிப்புத்தன்மை உடையது. அதோடு சேரும் காய், முட்டை, இறைச்சி ஆகியவையும் அசுத்தமான கையும் கரண்டியுமே பெரும்பாலும் ஆபத்தைக் கொண்டுவருகின்றன. பச்சை முட்டையில் வீட்டில் அடித்த மயோனைஸை மட்டும் பலர் கூடும் விருந்துக்குத் தவிர்க்க வேண்டும். 1981இல் கனடாவின் கடலோர மாகாணங்களில் பரவிய, லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாக் கிருமியால் வரும் நோய்க்குக் கோல்ஸ்லா காரணமென்று கண்டறியப்பட்டது; ஆட்டு எருவிட்டு வளர்த்த கோஸே அதன் மூலம் என்று ஆய்வு காட்டியது. இக்கிருமி குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது. ஆகவே வெளியிலைகளைக் களைவதும் காயை ஓடும் நீரில் கழுவுவதும் குளிர்பெட்டியை நம்பி விட்டுவிடக் கூடியவை அல்ல; கருவுற்ற பெண்கள் வருவார்களானால் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

சாலட்டை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர வைத்து, ஐஸ் பொதிகள் வைத்த பெட்டியில் எடுத்துச் செல்ல வேண்டும். மேசைக்கு வந்தபின் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரம், 32 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரம் என்பதே எல்லை. எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் வைக்காமல் பாதியை மட்டும் வெளியே வைத்து, தீர்ந்தபின் மறுபாதியை எடுத்து வந்தால் பிந்தி வருவோருக்கும் குளிர்ச்சியாகக் கிடைக்கும். கிண்ணத்தின் அருகில் ஒரு சிறு அட்டையில் முட்டை, பால், கடுகு, நிலக்கடலை, எள் ஆகியவற்றுள் எவை சேர்ந்துள்ளன என்று எழுதி வைப்பது அவசியம், ஏனெனில் கலந்துவிட்ட சாலட்டைப் பார்த்து அதில் என்ன இருக்கிறதென்று விருந்தினரால் ஊகிக்க முடியாது. பரிமாற இடுக்கியும் நாமே கொண்டுசெல்வது நல்லது. கரண்டியால் நீண்ட கோஸ் இழைகளை அள்ளுவது கடினம்.