இஞ்சி பியரில் சேர்மானம் பிசகினால்: மலைநாட்டுச் சமையலறைக்கு ஒரு செய்முறை

மால்ட்டும் ஹொப்ஸும் போட்டுக் காய்ச்சும் பியரை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் தயாரிக்க இலங்கையின் மதுவரிச் சட்டம் இடம் கொடுக்காது. நாம் வீட்டில் செய்வது இஞ்சியும் சீனியும் ஈஸ்டும் சேர்த்துப் பொங்கவைக்கும் இஞ்சி பியர். செய்வது சுலபம். ஆனால் ஒரு சாமான் கூடினாலோ குறைந்தாலோ பலர் முழுச்சட்டியையும் கொட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் அவசரப்பட்டு வேறொன்றைச் சேர்த்து, திருத்தக்கூடிய பிழையைத் திருத்த முடியாததாக்கி விடுகிறார்கள். எதை மீட்கலாம், எதைக் கொட்டத்தான் வேண்டும் என்பதைச் செய்யும் வரிசையிலேயே பார்ப்போம்.

சரியான அளவு

2 லீற்றருக்கு: இஞ்சி 100 கிராம், சீனி 200 கிராம், இரண்டு தேசிக்காயின் சாறு, பேக்கரி ஈஸ்ட் கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு.

படி 1: தண்ணீரும் இஞ்சியும்

பீலித் தண்ணீர் (மலையிலிருந்து வழிந்து வரும் ஊற்றுத் தண்ணீர்) என்றால் கட்டாயம் கொதிக்க வைக்க வேண்டும். டவுன் குழாய்த் தண்ணீரில் கிளோரின் வாசம் அடித்தால், மூடாமல் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கிளோரின் ஈஸ்டுக்கு ஆகாது.

நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் தட்டிய இஞ்சியைக் கூடுதலாக ஐந்து, பத்து நிமிடம் கொதிக்கவிடுவது நல்லது. நாட்டு இஞ்சி சிறியது, காரம் அதிகம். கடையில் கிடைக்கும் பெரிய சீன இஞ்சிக்குக் காரம் குறைவு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் அளவு மாறும்.

காரம் போதவில்லையா? இன்னும் கொஞ்சம் இஞ்சியை ஒரு கோப்பைத் தண்ணீரில் சுண்டக் காய்ச்சி, வடித்து, ஆறவைத்து ஊற்றுங்கள். காரம் கூடிவிட்டதா? கொதித்து ஆறிய தண்ணீரும், அதற்கேற்ற சீனியும் சேர்த்து அளவைப் பெருக்குங்கள். குறைந்ததை நிரப்பலாம். கூடியதைத் திரும்ப எடுக்க முடியாது, நீர்க்கச் செய்யத்தான் முடியும். அதனால் எப்போதும் கொஞ்சம் குறைத்தே தொடங்குங்கள்.

படி 2: சீனி

பெரிய பிழைகள் நடக்கும் இடம் இது. ஒரு லீற்றர் நன்றாகப் பொங்க ஈஸ்டுக்குத் தேவைப்படுவது சுமார் 8 கிராம் சீனி, அதாவது இரண்டு தேக்கரண்டி. மீதியெல்லாம் இனிப்புக்குத்தான். அந்த மீதியையும் ஈஸ்ட் விட்டுவைக்காது. நேரம் கொடுத்தால் தின்றுகொண்டே போகும், போத்தலுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். 100 கிராம் சீனி முழுவதும் புளித்தால் ஏறக்குறைய பாதி எடை கரியமில வாயுவாக வெளிவரும். போத்தல் வெடிப்பதற்குக் காரணம் இதுதான்.

சீனி கூடியிருந்தால், ஈஸ்ட் போடும் முன்பே ஆறிய தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்காக இனிப்பு மாத்திரை போட்டுச் செய்தால் இனிப்பு இருக்கும், பொங்காது. அந்த மாத்திரையை ஈஸ்டால் தின்ன முடியாது. லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி சீனியும் சேர்த்தால் சரியாகும். கித்துள் கருப்பட்டி தாராளமாகப் போடலாம். கரைத்து வடித்தால் போதும், நிறம்தான் கறுக்கும்.

சீனிக்குப் பதில் உப்பு விழுந்துவிட்டதா? கொட்டிவிடுங்கள். அதற்கு வழியே இல்லை.

படி 3: புளிப்பு

தேசிக்காய் கூடிவிட்டால் உடனே கை சீனி டப்பாவுக்குப் போகும். போகவிடாதீர்கள். அந்தச் சீனி பிறகு அழுத்தமாகத்தான் திரும்பி வரும். தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். அல்லது அப்படியே விட்டு, குடிக்கும்போது கிளாஸில் சீனிப்பாகு கலந்துகொள்ளுங்கள்.

புளிப்பைக் குறைக்க அப்பச்சோடாவைப் போட வேண்டாம். புளிப்பு போய்விடும், ஆனால் சவர்க்காரம் கலந்த மாதிரி ஒரு சுவை தங்கிவிடும். ஈஸ்ட் என்று நினைத்து அப்பச்சோடாவையோ பேக்கிங் பவுடரையோ போட்டவர்களுக்கும் இதுதான் நடக்கும். ஒரு நிமிடம் நுரைத்து அடங்கிவிடும். அதைக் கொட்டத்தான் வேண்டும்.

படி 4: ஈஸ்ட்

கொதித்த சட்டியை இளஞ்சூட்டுக்கு ஆறவிடுங்கள். விரலை விட்டால் சூடு உறைக்கக் கூடாது. 35 பாகை போதும், 50ஐத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கும். சூட்டோடு போட்டுவிட்டால், சட்டி ஆறியபின் புது ஈஸ்ட் போட்டால் போதும். செத்த ஈஸ்டால் கெடுதல் இல்லை.

போடும் முன் சோதிப்பது நல்லது. அரைக் கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனியும் ஈஸ்டும் கலந்து வையுங்கள். கால் மணி நேரத்தில் நுரை எழ வேண்டும். எழாவிட்டால் அந்தப் பக்கெட் பழையது.

ஈஸ்ட் கூடிவிட்டால் பாண் மாவு வாசம் அடிக்கும், பொங்கலும் வேகமாக வரும். சாதாரணத்தைவிடச் சீக்கிரம் ஃபிரிஜ்ஜில் வையுங்கள். ஒரு நாளில் ஈஸ்ட் அடியில் படியும். மேலே உள்ளதை அலுங்காமல் ஊற்றிக் குடியுங்கள்.

படி 5: காத்திருப்பு, அதாவது குளிர்

போத்தலில் ஊற்றி, மேலே நான்கு விரல் இடம் விட்டு மூடுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல் போதும். அமுக்கிப் பார்க்கலாம், அதுதான் நம்முடைய அளவுகோல். கல்லுப்போல இறுகினால் தயார்.

இப்போது மலைநாட்டுக்கே உரிய பிரச்சினைக்கு வருவோம். கண்டியில் ஓரிரு நாளில் இறுகும் போத்தல், நுவரெலியாவிலும் ராகலையிலும் தை மாதத்தில் நான்கைந்து நாள் கழித்தும் தளர்வாகவே இருக்கும். உடனே "ஈஸ்ட் போதவில்லை", "சீனி குறைவு" என்று போத்தலைத் திறந்து இன்னும் போடுகிறார்கள். நான் மிகவும் கவலைப்படுவது இந்தப் பிழையைப் பற்றித்தான். அங்கே எதுவும் குறையவில்லை. அப்ப மா குளிரில் புளிக்கத் தாமதிப்பது போலத்தான், ஈஸ்ட் தூங்குகிறது. நீங்கள் போட்ட இரட்டைச் சீனியோடும் ஈஸ்டோடும், வெயில் வந்த ஒரு நாளில் அது விழித்துக்கொள்ளும்.

எனவே முதலில் இடத்தை மாற்றுங்கள். இஸ்தோப்பில் இருப்பதை அடுப்படிக்குக் கொண்டுவந்து, கம்பளியிலோ சாக்கிலோ சுற்றி வையுங்கள். தணலுக்குப் பக்கத்தில் வேண்டாம், அந்த அறையின் கதகதப்பே போதும். இரண்டு நாளுக்குப் பிறகும் அசைவில்லை என்றால் மட்டும், படி 4இல் சொன்னபடி சோதித்த புது ஈஸ்டைச் சேருங்கள்.

ஏற்கெனவே பொங்கத் தொடங்கிய போத்தலுக்குள் சீனியைத் தூளாகக் கொட்டாதீர்கள். நுரை கூரைவரை பாயும். போத்தல் அளவுக்கு மீறி இறுகிவிட்டால், முதலில் சில மணி நேரம் ஃபிரிஜ்ஜில் குளிரவைத்து, பிறகு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

குடிக்கும் முன்

இறுகியதும் ஃபிரிஜ்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். புளிக்கும் எதிலும் கொஞ்சம் மதுசாரம் உண்டாகும், வெளியே வைக்க வைக்க அது கூடும். பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மதுசாரத்தை அறவே தவிர்ப்பவர்களுக்கும் ஈஸ்ட் போடும் முன்பே தனியாக ஒரு போத்தல் எடுத்து, அதில் சோடா கலந்து கொடுங்கள்.

கொழும்பில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு பஸ்ஸில் அனுப்ப நினைத்தால் கவனம். குளிரில் அமைதியாக இருந்த போத்தல், கீழே இறங்க இறங்கச் சூடேறும். கரைந்திருந்த வாயு வெளியேறும், ஈஸ்டும் வேகமெடுக்கும். அனுப்புவதானால் ஈஸ்ட் போடாத இஞ்சிப்பாகை அனுப்பி, ஈஸ்டைத் தனிப் பக்கெட்டாகக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் அங்கேயே கலந்துகொள்ளட்டும்.