மனக்காயத்துக்கு ஹிப்னாடிசம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊர்களான தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். திரும்பாதவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்படி ஒரு வீட்டில், காற்றுச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடத்துத் தூக்கமில்லாமல் கிடக்கிறவரிடம் யாராவது வந்து, "திருவனந்தபுரத்தில் ஹிப்னாடிசம் செய்கிறார்கள், ஒரே தடவையில் எல்லாம் போய்விடும்" என்றால் நம்பத்தான் தோன்றும். அந்த "ஒரே தடவை" என்ற பேச்சை நம்புவதுதான் முதல் தவறு.

மெஸ்மரிசமும் ஹிப்னாடிசமும் ஒன்று என்று நினைப்பது இன்னொன்று. 18ஆம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற மருத்துவர், உடம்புக்குள் ஒரு காந்த சக்தி ஓடுகிறது, அதைக் கையால் தடவிச் சரிசெய்யலாம் என்றார். பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு 1784இல் அதைச் சோதித்தது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியல் அறிஞர் லவாய்சியேயும் அதில் இருந்தார்கள். காந்தம் எதுவும் இல்லை, பலன் தெரிந்தால் அது கற்பனையின் வேலை என்று முடிவு சொன்னார்கள். பிறகு 1840களில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற அறுவை மருத்துவர் காந்தக் கதையை விட்டுவிட்டு, கவனம் ஒரே இடத்தில் குவிவதால் வரும் நிலை இது என்று விளக்கினார். இன்றைய ஹிப்னாடிசம் அந்த வழியில் வந்தது. அதற்குத் தொடுதல் தேவையே இல்லை. உடம்பின்மேல் கை ஓட்டிச் "சக்தி" ஏற்றுகிறேன் என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். துணைக்கு வந்தவரை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினாலும் அப்படித்தான்.

பெரிய ஆபத்து நினைவைத் தோண்டுவதில் இருக்கிறது. மனதுக்குள் எல்லாம் வீடியோ மாதிரி பதிந்து கிடக்கிறது, மயக்கநிலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். நினைவு அப்படி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. 1995இல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் நீ கடைவளாகத்தில் தொலைந்துபோனாய் என்று நடக்காத கதை ஒன்றை உறவினர் சொன்னதாகச் சொன்னார்கள். 24 பேரில் 6 பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ "நினைவுகூர்ந்தார்கள்". அங்கே ஹிப்னாடிசமே கிடையாது. ஹிப்னாடிசத்தில் சொல்லுக்கு மனம் இன்னும் இளகும். வருகிற நினைவின் துல்லியம் கூடாது, ஆனால் அது உண்மை என்ற உறுதி மட்டும் கூடும். அப்பா அடித்தாரா, மாமா தொட்டாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டால் நடக்காதது நடந்ததாகிவிடும், குடும்பமே சிதறும். உண்மையிலேயே கொடுமைக்கு ஆளானவர் சொல்வதையும் பிறகு யாரும் நம்பாமல் போகலாம்.

கடலில் காணாமல்போனவர் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. "கண்ணை மூடுங்க, அவர் எங்க நிக்கிறாருன்னு பாருங்க" என்றால், காத்துக் கிடக்கிற மனைவிக்கு எதுவும் தெரியாமல் இருக்குமா? ஒரு தீவு தெரியும், ஒரு சிறை தெரியும். அவள் அதை நம்பி வாழ வேண்டியிருக்கும். முற்பிறவிக்குக் கூட்டிப்போகிறேன் என்பதும் இதே வகைதான்.

அழவைத்தால் குணமாகும் என்று நினைத்து நடந்ததை வலுக்கட்டாயமாக மறுபடி வாழவைப்பதும் தவறு. நல்ல சிகிச்சையாளர் எடுத்த எடுப்பிலேயே சம்பவத்துக்குள் இழுத்துப்போக மாட்டார். மூச்சை நிதானப்படுத்தவும், "போதும்" என்று கை தூக்கி நிறுத்தவும் முதலில் சொல்லித் தருவார். இல்லாத குரல் கேட்கிறவர்களுக்கும், அடிக்கடி தன்னிலை மறந்துபோகிறவர்களுக்கும் ஹிப்னாடிசம் நோயைக் கூட்டலாம். மனநல மருத்துவரைப் பார்த்த பிறகுதான் அதை யோசிக்கவே வேண்டும். இதை நம்பி மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. எல்லையில் இருக்கிற களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகும்போது இந்தப் பக்கத்து மருந்துச் சீட்டையும் கொண்டு போங்கள்.

எல்லையோரத்தில் பலர் கவனிக்காத ஒன்று, மொழி. நமக்கு மலையாளம் புரியும், பேசவும் செய்வோம். ஆனால் ஹிப்னாடிசம் முழுக்க முழுக்கச் சொல்லால் நடப்பது. வீட்டில் அழுகிற பேச்சில் சொன்னால் மனதுக்குள் இறங்கும் வார்த்தை, கடையில் பேசுகிற மலையாளத்தில் அதே அளவு இறங்காது. கடலோரத் தமிழ் தெரிந்தவர் கிடைப்பாரா என்று தேடுவதில் கூச்சம் வேண்டாம்.

ஹிப்னாடிசம் வீண் என்று நான் சொல்லவில்லை. வலிக்கும் பதற்றத்துக்கும் மற்ற சிகிச்சையோடு சேர்ந்து அது உதவும். மனக்காயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை, அதிர்ச்சியை மையமாக வைத்த எண்ண–நடத்தை சிகிச்சையும் கண் அசைவோடு செய்யும் இ.எம்.டி.ஆரும். நீங்கள் போய்ப் பார்க்கிறவர் ஹிப்னாடிசம் இல்லாமலேயே உங்களுக்குச் சிகிச்சை தரத் தகுதியுள்ளவரா என்பதுதான் முக்கியம். மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா என்று நேராகக் கேளுங்கள், பதிவு எண்ணையும் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416க்குக் கூப்பிடலாம்; அது டெலிமானஸ், அரசின் இலவச மனநல எண். தமிழிலும் மலையாளத்திலும் பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.